முன்பக்கத்து நம்பர் பிளேட்டு

"இடிக்கலன்னா இடிக்கல. விடு பாப்பா"ன்னு சொல்லிட்டு அப்பா வீட்டுக்குள்ள போயிட்டாரு. விடணுமாம். எதை விடணும், எப்படி விடணும்னு சேத்து சொல்லிட்டுப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும். கெசியா கார் ஷெட்டுல கோணிச்சாக்க மடிச்சுப் போட்டு, காரோட மூஞ்சிக்கு நேரா மண்டி போட்டு உக்காந்திருந்தா. செவப்பு எம்.ஜி., ரெண்டே சீட்டு, தலைக்கு மேல கூரை கெடையாது, அம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் குடோன்ல கோழி அடையற எடமாக் கெடந்து, கடைசியா அப்பா கைக்கு வந்து சேந்த வண்டி. ரெண்டு ஹெட்லைட்டையும் முழிச்சுக்கிட்டு, நடுவுல பல்லக் காட்டிக்கிட்டு, ஒன்னுமே நடக்காத மாதிரி அவளப் பாத்துச்சு. "நீயாவது சொல்லித் தொலையேன்"னா. பம்பருக்குக் கீழ நம்பர் பிளேட்டு இருக்க வேண்டிய எடம் காலி. காலைல வரைக்கும் அங்க ஒரு இரும்பு பிராக்கெட் இருந்துச்சு, அவ கையால செஞ்சு, அவ கையாலயே போன சனிக்கெழம மாட்டினது. காலைல அப்பா வர்க்கி வாங்க பேக்கரிக்குப் போனாரு. போறப்ப இருந்த பிராக்கெட் வர்றப்ப இல்ல. பிளேட்டு மட்டும் கட்டுக்கம்பில தொங்கிக்கிட்டு, ஆடிக்கிட்டு, அடிபட்ட பல்லு மாதிரி வந்துச்சு. அதே காலைல, அதே ரோட்டுல, சில்வர் ஓக் மரத்து வளைவுல, நித்யகலா ஸ்கூட்டியோட விழுந்து கெடந்தா. இதுல கூட்டிப் பாக்க என்ன இருக்கு. ஒன்னாங்கிளாஸ் புள்ள கூட்டும். ஆனா இந்த வீட்டுல கணக்குப் போட்டா அது வாய்த்துடுக்கு.

நித்யகலா. ப்ளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்சு. கடைசி வருஷம் ஒரு சண்ட, எதுக்குன்னு இப்ப நெனச்சா சிரிப்பு வரும், யாரு முன்னாடி உக்காருறதுன்னு ஆரம்பிச்சு உங்க அப்பா எங்க அப்பான்னு போய், அதுக்கப்புறம் பேச்சே இல்ல. கெசியா கோயமுத்தூருக்கு மெக்கானிக்கல் படிக்கப் போனா, நித்யகலா அவ மாமாவோட காளான் ஷெட்டுல சேந்தா. தெனமும் காலைல ஸ்கூட்டில ரெண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கிட்டு கடை கடையா காளான் போடுவா. லீவுக்கு வர்றப்பல்லாம் ரோட்டுல பாக்கறதுதான். ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சி தெரியாது, ஆனா அவ பாக்கறான்னு தெரியும், இவளும் பாக்காத மாதிரி போவா. இப்ப போன்ல, ஊர் வாட்ஸாப் குரூப்புல, யாரோ போட்ட போட்டோல, ஸ்கூட்டி சாஞ்சு கெடக்கு, ஒத்தச் செருப்பு, ரோடு பூரா வெள்ள வெள்ளையா காளான். பனில அது காளான்னு தெரிய கொஞ்ச நேரம் ஆச்சு, மொதல்ல பூன்னு நெனச்சா, பாடை போற ரோட்டுல கெடக்குமே அந்த மாதிரி. சீ, வாயில போடு, அப்படி நெனைக்காத. ரோட்டோரம் ஓடைக்குப் பக்கத்துல கறுப்பா ஏதோ குச்சி. அந்தப் பக்கம் போலீஸ்காரர் ஒருத்தரோட முதுகு. கீழ ஆளாளுக்கு எழுதறாங்க, ஏதோ கார் தட்டிட்டு நிக்காமப் போயிருச்சாம், இந்த டூரிஸ்ட்டுங்க வந்தாலே இப்படித்தான், டீக்கடை அக்கா செவப்புக் காரு போச்சுன்னு சொல்லுதாம். செவப்புக் காரு. இந்த ரோட்டுல எத்தன செவப்புக் காரு போகும். போகும், நெறையப் போகும். ஆனா எத்தன செவப்புக் காரு அந்த நேரத்துல முன்னாடி பிளேட்டு பிஞ்சு வீட்டுக்கு வந்துச்சு? கோயமுத்தூருக்குக் கொண்டு போறாங்க, இன்னும் கண்ணு முழிக்கலன்னு கடைசியா ஒரு மெசேஜ். அதுக்கப்புறம் யாரும் ஒன்னும் போடல. அவ போன எடுத்து எடுத்துப் பாத்தா. கிரீஸ் வெரல்ல கண்ணாடி வழுக்குச்சு.

மத்தியானம் சாப்பாட்டுல வெச்சே கேட்டா. சுத்தி வளைக்கறதெல்லாம் அவளுக்கு வராது. "நீ அந்த வளைவுல எதையாவது இடிச்சியாப்பா?" அப்பா சோத்தப் பெசஞ்ச கையோட நிமிந்தாரு. "இல்ல." "அப்ப பிராக்கெட் எங்க?" "எங்கயோ விழுந்துருச்சு பாப்பா. பனி. ஏதோ சத்தம் கேட்டுச்சு. வழக்கமா ஆடற சத்தம்தான்னு வந்துட்டேன்." "எந்த எடத்துல சத்தம் கேட்டுச்சு?" "தெரியல." "தெரியலயா, சொல்ல இஷ்டமில்லயா?" அம்மா ரசத்த டக்குனு வெச்சாங்க. "ஏய், கோர்ட்டா இது? வக்கீலம்மா, சாப்பிட்டுட்டு எந்திரி." அவளா நிறுத்துவா. போன வருஷம் காலேஜ் பஸ்ஸு ஒரு எளனிக்காரர் வண்டில மோதினப்ப, நிர்வாகம் அதை மூடி மறைக்கப் பாத்தப்ப, கேட்டுக்கு முன்னாடி பெஞ்சு மேல ஏறி நின்னு அவ பேசினது இன்னும் பசங்க போன்ல இருக்கு. இடிச்சவன விட மறைக்கிறவன்தான் பெரிய குத்தவாளின்னு. கைத்தட்டு. விசில். அதே குரல்ல இப்ப சொந்த வீட்டு டேபிள்ல சொன்னா, "நீ போய்ச் சொல்லலன்னா நான் போய்ச் சொல்லுவேன். அப்பான்னெல்லாம் பாக்க மாட்டேன்." அப்பா கைய ஒதறிட்டு எந்திரிச்சாரு. கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும், திருப்பிக் கத்த ஒரு எடம் கெடச்சிருக்கும். "பார்சல் வந்திருக்கு. இங்கிலாந்து பிராக்கெட். நாலு மணிக்குள்ள மாட்டிக் குடு"ன்னாரு. அவ்ளோதான். ஒருத்தி அங்க கண்ணு முழிக்காம கெடக்கா, இவருக்கு நாலு மணிக்குள்ள புது பிராக்கெட் வேணும். தொடச்சு, மாட்டி, பாலீஷ் போட்டு, எங்க வண்டிக்கு என்ன, பாருங்க சார் பளபளன்னு நிக்குது. சரி, மாட்டறேன். மாட்டறதுக்கு முன்னாடி இந்த வண்டியோட மூஞ்சிய இஞ்சு இஞ்சா பாக்கறேன். சாட்சி இங்கதான் இருக்கு.

பாத்தா. டார்ச் அடிச்சு, பம்பர்ல இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் வெரல ஓட்டினா. குரோமியம் குளுந்து போய் இருந்துச்சு, பனித்தண்ணி காஞ்ச தடம், ஒரு செத்த பூச்சி. கீறல் இல்ல. இண்டிகேட்டர் கண்ணாடி ரெண்டும் முழுசா. பெயிண்ட்ல ஒரு பொட்டு உதிரல. எப்படி? ஒரு ஸ்கூட்டிய இடிச்ச வண்டி இப்படியா இருக்கும்? லேசாத் தட்டியிருப்பாரு, ஓரமா, பிராக்கெட்டுல மட்டும் பட்டிருக்கும், பம்பருக்குக் கீழ நீட்டிக்கிட்டு இருந்தது அது ஒன்னுதான. இந்தா, பிளேட்டப் பாரு. அலுமினியத் தகடுல ஸ்குரூ இருந்த ரெண்டு ஓட்டையும் கிழிஞ்சு போயிருக்கு. இழுத்த வேகம். மோதின வேகம். அப்புறம் எதுக்கு வேற சாட்சி. அவ போன்ல அதை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா, எதுக்குன்னு தெரியாம, பின்னாடி வேணும்னு. சொந்த அப்பாவுக்கு எதிரா போட்டோ. இந்தக் கட்டுக்கம்பி மட்டும் இல்லன்னா பிளேட்டும் ரோட்டுலயே கெடந்திருக்கும், போலீஸு இந்நேரம் கேட்டுல நின்னிருக்கும். இந்தக் கம்பிக்கும் ஒரு சண்ட. அவ பிராக்கெட் மாட்டினதுக்கு அப்புறமும் அப்பா கம்பி கொண்டாந்து பிளேட்ட கிரில்லோட சேத்து ஒரு சுத்து சுத்தினாரு. "என்னப்பா இது, வேட்டிக்கு மேல பெல்ட்டா?"ன்னு அவ கேட்டா. "இருக்கட்டும் பாப்பா, ஒரு இதுக்கு." எந்த இதுக்கு? மகள் மேல நம்பிக்கை இல்லாத இதுக்கு. "எம் பிராக்கெட்டுல யான தொங்கலாம்"னு அவ சொன்னா. அப்பா சிரிச்சாரு. பக்கத்துல நின்னு போல்ட்டு டப்பாவப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு.

அந்த பிராக்கெட்டுக்காக ஒரு மாசம் போன்லயே சண்ட. இந்த வண்டிக்கு முன்னாடி பிளேட்டு மாட்ட சரியான எடமே கெடையாது, கிரில்லுக்கு மேல கட்டினா ரேடியேட்டருக்குக் காத்து போகாது, மேட்டுல சூடாயிரும், கீழ தொங்க விட்டா ஸ்பீடு பிரேக்கர்ல ஒரசும். பம்பருக்குப் பின்னாடி இரும்புல ரெண்டு ஓட்டை இருக்கு, போல்ட்டு திருக உள்ளயே மரை வெட்டினது, எந்தக் காலத்துலயோ யாரோ பட்டி வெச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. அதைக் கண்டுபுடிச்சதே அவதான், பட்டியச் சொரண்டி, தீக்குச்சி விட்டுப் பாத்து. கத்தினா பாரு அன்னைக்கு, ஷெட்டே அதிர்ந்துச்சு. அந்த ஓட்டைக்கு ஏத்த பிராக்கெட் இங்கிலாந்துல இன்னும் செய்யறாங்க, அப்பா ஆர்டர் போட்டுட்டாரு, வரட்டும் பொறுத்துக்கலாம்னாரு. பொறுத்துக்கறதாம். ஊட்டில பழைய கார் கண்காட்சி வருது, முன்னாடி பிளேட்டு ஒழுங்கா இல்லன்னா உள்ளயே விட மாட்டான், கப்பல்ல வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியுமா, ஒரு பட்டை இரும்பு, ரெண்டு வளைவு, நாலு ஓட்டை, இதுக்கு இங்கிலாந்து வேணுமா? காலேஜ் ஒர்க் ஷாப்புலயே அவ வளைச்சு எடுத்துட்டு வந்தா. வந்து வெச்சுப் பாத்தா ஒரு ஓட்டை சேரல. ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல நாலு இன்ச்சு, அவ நூறு மில்லின்னு மார்க் பண்ணிட்டா. ஒன்னரை மில்லி பத்தல. "என்ன இன்ஜினியர் மேடம்?"னாரு அப்பா. "ஒன்னரை மில்லில ஒன்னும் குடி முழுகிறாது"ன்னு அரத்த எடுத்து அந்த ஓட்டைய நீளமா, முட்டை மாதிரி ராவி விட்டா. சேந்துச்சு. அதுக்கப்புறம் போல்ட்டு. அப்பா அப்பவும் கேட்டாரு, பொஸ்தகத்துல இன்ச்சு போல்ட்டுன்னு போட்டிருக்கேன்னு. "அப்பா, அது எட்டு மில்லிக்கு ஒரு மயிரிழை கம்மி, எட்டு மில்லியே போகும். எட்டுன்னா எட்டுதான், இங்கிலாந்துல போய் ஏழு ஆயிருமா?" போச்சே. ரெண்டு சுத்து கையாலயே போச்சு. அப்புறம் ஸ்பேனர் கேட்டுச்சு, ஏறி மிதிக்காத குறையா இறுக்கினா. கல்லு மாதிரி. ஆட்டிப் பாத்தா, அசையல. ரெண்டு நாள் கழிச்சு அப்பா, "முன்னாடி ஏதோ கடகடங்குது பாப்பா"ன்னாரு. "பழைய வண்டின்னா சத்தம் வரும், உனக்கு முட்டி சத்தம் வரலயா?" அதுக்கும் சிரிச்சாரு.

அம்மா காப்பி கொண்டாந்தாங்க. டம்ளர பானெட் மேல வெக்கப் போய், தடம் விழும்னு ஞாபகம் வந்து தரையில வெச்சாங்க. "ஒங்கப்பா சாப்பிடவே இல்லடி." "அங்க ஒருத்தியும்தான் சாப்பிடல." "வாய்ல நல்லதே வராதா உனக்கு?" அப்புறம் கொஞ்சம் கொரல எறக்கி, "கெசி, உள்ள வெள்ளச் சட்டைக்கு இஸ்திரி போடறாரு. நான் போடறேன்னா குடுக்க மாட்டேங்கறாரு. எங்க போறீங்கன்னா வேலை இருக்குங்கறாரு. ஒன்கிட்ட எதாச்சும் சொன்னாரா?" இல்லன்னு தலையாட்டினா. வெள்ளச் சட்டை. கோயிலுக்குப் போடற சட்டை. யாரையோ பாக்கப் போறாரு. தெரிஞ்ச பெரிய மனுசன் எவனையாவது. டீ ஏலக் கம்பெனில முப்பது வருஷம் இருந்தவருக்கு ஆளா இல்ல, ஒரு போன், ஒரு கும்பிடு, முடிஞ்சது. அதுக்குத்தான் நாலு மணி. அதுக்குத்தான் பளபளன்னு பிராக்கெட். "வாய வெச்சுக்கிட்டு இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரு தாயி"ன்னு சொல்லிட்டு அம்மா போனாங்க. காப்பி ஆறிக்கிட்டு இருந்துச்சு. பார்சலக் கிழிச்சா. கிழிச்ச வேகத்துல அட்டைப் பொட்டியே ரெண்டாச்சு. மெழுகுக் காகிதத்துக்குள்ள கறுப்பா, எண்ணெ வாசத்தோட பிராக்கெட், சின்ன பிளாஸ்டிக் பையில ரெண்டு போல்ட்டு, வாஷரு. எடுத்து ஓட்டைக்கு நேரா வெச்சா. சேந்துச்சு, ரெண்டும், ராவாம. அது வேற எரிச்சல். போல்ட்ட ஓட்டைல வெச்சுத் திருகினா, கொஞ்சம் பிசுபிசுன்னு மக்கர் பண்ணுச்சு, வாயில பல்லு உடைஞ்ச மாதிரி நறநறன்னு, ஒரு சுத்து, ரெண்டு சுத்து, இதோ இப்ப கல்லு மாதிரி நிக்கும்னு ஸ்பேனர எடுக்கப் போனா. நிக்கல. மூணாவது சுத்து வெரல்லயே போச்சு. நாலாவது. வெண்ணெய்ல போற மாதிரி, சத்தமே இல்லாம, வெறும் ரெண்டு வெரல்ல, உள்ள, உள்ள, உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு. அவ கை சுத்தறத நிறுத்தல. மனசு மட்டும் எங்கயோ நின்னு போச்சு.

இவ்ளோ ஆழமா இந்த ஓட்டை? அப்ப போன வாரம் ரெண்டு சுத்துல நின்னது எது? இறுகிச்சே. ஏறி மிதிக்காத குறையா இறுக்கினோமே. இறுகிச்சா, சிக்கிச்சா? இரு. அவசரப்படாத. கழட்டு. கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா, ஓட்டை வாயில மொத ரெண்டு மரை மட்டும் நசுங்கி, பளிச்சுனு, புதுசா ஒடஞ்ச தகரம் மாதிரி மின்னுச்சு. அதுக்குப் பின்னாடி உள்ள பூரா பழைய மரை, எண்ணெப் பாசியோட, அப்படியே, யாரும் தொடாம. மோதிப் பிஞ்சிருந்தா போல்ட்டு முறிஞ்சு பாதி உள்ளல்ல நிக்கணும். ஓட்டை கோணிக்கிட்டுல்ல இருக்கணும். ஒன்னுமே இல்ல. வந்த வழியாவே மெதுவா வெளிய போயிருக்கு. வாஷரு கை நழுவி காருக்கடில உருண்டுச்சு, அதை எடுக்கக் கன்னத்தத் தரையோட வெச்சு எட்டிப் பாத்தா. எண்ணெக் கறைக்கு நடுவுல, முன் டயருக்குப் பக்கத்துல, ஒரு போல்ட்டு. கைய நீட்டி எடுத்தா. எடுக்கறதுக்கு முன்னாடியே தெரியும். வளையல, முறியல, தலைல எட்டுப் புள்ளி எட்டுன்னு நம்பர், மில்லி போல்ட்டுக்கு மட்டும் போடற நம்பர், நுனில ரெண்டே ரெண்டு மரை நசுங்கி, மத்ததெல்லாம் கடைல வாங்கின மாதிரி புதுசா. இது ரோட்டுல விழல. இங்கயே, ஷெட்டுலயே விழுந்திருக்கு. அப்பா வர்க்கி வாங்கக் கெளம்பறப்ப அந்த பிராக்கெட் ஒத்தப் போல்ட்டுல தொங்கிக்கிட்டுப் போயிருக்கு. கடகடன்னு. பழைய வண்டின்னா சத்தம் வரும். இன்ச்சு மரைக்குள்ள மில்லி போல்ட்டு, தடிமன் ஒன்னுதான், மரை வேற. இது ரெண்டாம் வருஷப் பாடம். பரிச்சைல வந்துச்சு, முழு மார்க்கு வாங்கினா, படம் கூடப் போட்டா. தெரியாதுன்னு சொல்ல வழியில்ல. தெரியும். அன்னைக்கு ஷெட்டுலயும் தெரியும், ரெண்டு சுத்துல நின்னப்பவே கை சொல்லுச்சு, இது இறுக்கம் இல்லடின்னு. அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, பொஸ்தகத்துல இன்ச்சுன்னு போட்டிருக்கேன்னு சொல்லிக்கிட்டு. அவர ஜெயிக்கணும். அவ்ளோதான் அப்ப வேண்டியிருந்துச்சு.

போன எடுத்தா. அந்த போட்டோவ. காளான், ஸ்கூட்டி, செருப்பு, ஓடைக்குப் பக்கத்துல கறுப்புக் குச்சி. வெரலப் பிரிச்சுப் பெருசாக்கினா, பொட்டுப் பொட்டாக் கலைஞ்சுச்சு, இன்னும் பெருசாக்கினா. குச்சி இல்ல. பட்டையா இருக்கு. ரெண்டு எடத்துல வளைஞ்சிருக்கு. ஒரு முனைல ரெண்டு ஓட்டை, ஒன்னு வட்டம். ஒன்னு முட்டை. ஒன்னரை மில்லில ஒன்னும் குடி முழுகிறாது. பம்பர்ல சாஞ்சா, குளுந்துச்சு. பனிக்குள்ள வளைவுல திரும்பறா, ரெண்டு பக்கமும் பெட்டி, முன் சக்கரம் எதுலயோ ஏறி வழுக்குது, என்னன்னு பாக்கறதுக்குள்ள. அந்த முட்டை ஓட்டைய ராவறப்ப என்ன பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேன்? ஏதோ பாடிக்கிட்டுத்தான இருந்தேன். அதை நெனைக்காத. பிளேட்டு ஓட்டை கிழிஞ்சது மோதி இல்ல, இந்த இரும்பு தொங்கித் தொங்கிக் கிழிச்சது, பாரு, ரெண்டும் கீழ் பக்கமாக் கிழிஞ்சிருக்கு, கீழ் பக்கமா, கண்ணு என்ன பொடனிலயா இருந்துச்சு காலைல இருந்து? அப்பா சொன்னது பூரா நெசம். எங்கயோ விழுந்துருச்சு. சத்தம் கேட்டுச்சு. தெரியல. ஒவ்வொன்னும் நெசம். யாருக்கும் இது தெரியாது. அந்த நெனப்பு எப்ப உள்ள வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியல, கதவத் தட்டாம வந்து உக்காந்துக்கிச்சு. யாருக்கும் தெரியாது. போட்டோல அது குச்சி. போலீஸ்காரருக்கு ரோட்டுல கெடந்த ஏதோ பழைய இரும்பு. அப்பாவுக்கு மில்லியும் தெரியாது, மரையும் தெரியாது. ஷெட்டுக்குப் பின்னாடி சரிவு, கீழ டீச்செடி, கைய வீசினா போதும், இந்தப் போல்ட்டு எந்த ஜென்மத்துலயும் கெடைக்காது. கேம்பஸ் இன்டர்வியூ வருது. போலீஸ், கேஸுன்னா? அப்பாவா இருந்தா வயசானவரு, பனி, தெரியாம நடந்துருச்சுன்னு விட்டுருவாங்க. விட்டுருவாங்கல்ல? அவ நித்யகலாவுக்கு எதிரா எதுவும் செய்யலயே, ஒரு சண்ட, அதுவும் பெஞ்சுக்கு. இடிச்சவன விட மறைக்கிறவன்தான். சே, வாய மூடு. கைத்தட்டு, விசில். வாய மூடுன்னு அவளுக்கு அவளே சொன்னது இதுதான் மொதத் தடவையா இருக்கும். போல்ட்டு உள்ளங்கைக்குள்ள சூடாயிருந்துச்சு, நசுங்கின மரை தோல்ல குத்துச்சு. இன்னொரு கை அதுபாட்டுக்கு வேலையப் பாத்துச்சு. ரெண்டு இன்ச்சு போல்ட்டையும் விட்டு, ஸ்பேனர்ல கடைசியா ஒரே ஒரு இழுப்பு, போதும், நின்னுச்சு. பிளேட்டுல புதுசா ஓட்டை போட்டு ஸ்குரூவ ஏத்தினா. கட்டுக்கம்பிய எடுத்துப் போடப் போனவ, போடாம, அப்பா சுத்தின மாதிரியே ஒரு சுத்து சுத்தி விட்டா.

"போட்டாச்சா பாப்பா?" அப்பா வெள்ளச் சட்டைல நின்னாரு. ஒரு கைல இஸ்திரி மடிப்பு கோணலா இருந்துச்சு. ஷேவ் பண்ணியிருந்தாரு, தாடைல ஒரு வெட்டு. அவ எந்திரிக்காம, "எங்கப்பா போற?"ன்னா. அவரு குனிஞ்சு பிளேட்ட ஒரு தடவை ஆட்டிப் பாத்தாரு. "ஸ்டேஷனுக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடியே இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணிட்டேன். செவப்புக் காரு என்னுதுதான் சார்னேன். நாலு மணிக்கு வண்டியோட வாங்கன்னாரு." அப்புறம் கொஞ்சம் வெக்கப்பட்ட மாதிரி, "முன்னாடி நம்பர் இல்லாத வண்டிய ஸ்டேஷனுக்குள்ள எப்படிக் கொண்டு போறது? அதுக்கு வேற தனியாத் திட்டுவான்." "நீதான் இடிக்கலன்னு சொன்னியே." "இடிக்கலன்னுதான் நெனச்சேன். நீ காலைல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தியா, எனக்கே சந்தேகமாப் போச்சு. சத்தம் கேட்டுச்சுல்ல. நிறுத்திப் பாக்கலைல்ல. தட்டியிருப்பேன் பாப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." வாசல்ல அம்மா சேலை முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நின்னாங்க. அப்பா டிரைவர் சீட்டுல உக்காந்தாரு, பக்கத்து சீட்டுல காலைல வாங்கின வர்க்கிப் பொட்டலம், கட்டுக் கூடப் பிரிக்கல. இந்த மனுசன் செய்யாத ஒன்ன, மக சொன்னான்னு, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு ஒத்துக்கப் போறாரு. காலைல இருந்து அவ வாதாடினதுக்கு அவள ஜெயிக்க வெச்சுட்டாரு. கெசியா அந்தப் பக்கம் கதவத் தொறந்து, பொட்டலத்த எடுத்து மடில வெச்சுக்கிட்டு உக்காந்தா. "நீ எதுக்கு?"ன்னாரு. "நானும் வர்றேன்." "வேணாம் பாப்பா. அங்க வந்து சட்டம் பேசுவ. நான் பாத்துக்கறேன்." "சட்டம் பேசலப்பா. வண்டிய எடு."

கேட்டத் தாண்டி ரோட்டுல ஏறுச்சு. பனி மறுபடியும் எறங்கிக்கிட்டு இருந்துச்சு, சில்வர் ஓக் மரங்க பாதிக்கு மேல இல்ல. வழக்கமா வண்டி உருளற எடத்துல கேக்கற கடகட கேக்கல. எஞ்சின் மட்டும்தான். பள்ளம் வந்துச்சு, ஏறி எறங்குச்சு, ஒன்னும் ஆடல. இந்த அமைதிய நிரப்ப அவகிட்ட எப்பவும் பத்து வார்த்தை ரெடியா இருக்கும், இப்ப ஒன்னு கூட நேரா வந்து நிக்க மாட்டேங்குது. வளைவு வர்றதுக்குள்ள சொல்லிரணும். அந்த எடத்தத் தாண்டிட்டா அப்புறம் ஸ்டேஷன் வரைக்கும் எறக்கம், எறக்கத்துல எல்லாமே வேகமாப் போயிரும். அப்பா கியர மாத்திட்டுக் காதக் கொஞ்சம் சாய்ச்சுக் கேட்டாரு. இத்தன பயத்துலயும் அவரு மூஞ்சில சின்னதா ஒரு சந்தோஷம். "பாத்தியா பாப்பா, சத்தமே இல்ல. நல்லா மாட்டியிருக்க"ன்னாரு. ரோட்டுல ஒரு ஓரமா வெள்ளையா ஒன்னு, ரெண்டு, நசுங்கின காளான். "அப்பா, ஓரமா நிறுத்து"ன்னா. அவரு நிறுத்தினாரு. அவ மூடி வெச்சிருந்த கைய அவருக்கு முன்னாடி நீட்டித் திறந்தா. உள்ளங்கைல அந்த எட்டு மில்லி போல்ட்டு.